பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டு

குளியலறையில் பாடாதவர் நம்மில் யார்? தண்ணீர் விழும் ஓசையையும் மீறி நம் குரல் அங்கே எத்தனை கம்பீரமாக எழும்புகிறது! அதே பாட்டை விளையாட்டுத் திடலில் நின்று பாடினால் குரல் நூல்போல் மெலிந்து காற்றோடு போய்விடுகிறது. பாடியவர் ஒருவரே, தொண்டையும் ஒன்றே. மாறியது இடம் மட்டுந்தான். நான்கு சுவர்களும் தரையும் கூரையும் நம்மோடு சேர்ந்து பாடுகின்றன என்பதை நாங்கள் இவ்வாண்டு பட்டறிந்தோம். அவை சேர்ந்து பாடுவது எப்போது நன்மை, எப்போது தொல்லை என்பதையும், ஒரு சிறிய படுக்கையறையை ஒலிப்பதிவுக்கு ஏற்றதாக்குவது எவ்வாறு என்பதையும் இங்கே எழுத முனைகிறோம்.

எங்கள் இசையாசிரியை இக்கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். பள்ளி விழாக்களுக்கென்று அவரே மெட்டமைத்துச் சொல்லிக்கொடுத்த பாட்டுகள் பல. அவற்றுள் ஒன்றுகூட ஸ்வரப்படுத்தி எழுதிவைக்கப்படவில்லை. அக்காமார் பாடக் கேட்டுத் தங்கைமார் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். டீச்சர் போய்விட்டால் பாட்டுகளும் போய்விடுமே என்ற கவலை எங்களுக்கு. ஆகவே பதினோராம் வகுப்பில் படிக்கும் நாங்கள் நால்வர், எட்டுப் பாடல்களை அவர் குரலிலேயே பதிவு செய்துவிடுவதென்று தீர்மானித்தோம். எங்களுள் ஒருத்தியின் வீட்டில் பின்புறப் படுக்கையறை எங்களுக்குக் கிடைத்தது. அவளுடைய அண்ணனின் கணிப்பொறியும் மைக்கும், இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும், ஒரு கீபோர்டும் கிடைத்தன. இனி என்ன குறை என்று எண்ணினோம்.

மூன்று பாடல்களைப் பதிவு செய்தோம். டீச்சரின் குரல், கீபோர்டு, தாளம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்து, எது உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்று அளவு பார்த்து ஒன்றாகக் கலக்க வேண்டும். இதைத்தான் மிக்ஸிங் என்கிறார்கள். அறையின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து கலந்தோம். கீபோர்டின் இடக்கைச் சுரங்கள் கேட்கவே இல்லை என்று தோன்றியதால் அவற்றைக் கூட்டினோம். போதவில்லை என்று இன்னும் கூட்டினோம். பிறகு பள்ளி மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் போட்டுப் பார்த்தபோது ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கீழ்ஸ்தாயி இடிபோல் முழங்க, அதனுள்ளே டீச்சரின் குரல் அமிழ்ந்து கிடந்தது. டீச்சர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "கிணற்றுக்குள்ளே இருந்து பாடுகிற மாதிரி இருக்கு, பிள்ளைகளா. இதை வைத்துக்கொண்டு யாரும் பாட்டுக் கற்க முடியாதே" என்று மட்டும் சொன்னார்.

குற்றம் மைக்கினுடையது என்றே நாங்கள் நால்வரும் தீர்ப்புக் கூறிவிட்டோம். விலை உயர்ந்த மைக் ஒன்று வாங்க வீட்டில் பணம் கேட்பதென்றும் பேசி வைத்தோம். நல்லவேளையாக, அதற்கு முன்பு பௌதிகம் கற்பிக்கும் சிஸ்டரிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த அறையில் கைதட்டிப் பார்த்தீர்களா?"

அன்று மாலையே தட்டிப் பார்த்தோம். கட்டிலையும் துணிமணிகளையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் அறையில் ஒருத்தி ஓங்கித் தட்டினாள். தட்டு நின்ற பிறகும் சுவருக்கும் சுவருக்கும் இடையே 'டர்ர்ர்' என்று ஓர் ஓசை, தகரத்தில் நகத்தால் கீறியது போல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரெதிரே நிற்கும் இரண்டு வழுவழுப்பான சுவர்கள் ஒலியைப் பந்துபோல் மாற்றி மாற்றி எறிந்து விளையாடுகின்றன. டீச்சர் பாடிய ஒவ்வொரு எழுத்தின் மேலும் அந்த 'டர்ர்' ஏறிக்கொண்டிருந்திருக்கிறது! நம் காது அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப் புறக்கணித்துவிடும். மைக்குக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

இந்தத் தொல்லையை முதன்முதல் அளந்து பார்த்தவரின் கதை சுவையானது. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதிய கட்டடத்தின் விரிவுரை மண்டபம், கட்டி முடித்த கையோடு பயனற்றுப் போயிற்று. பேசுபவர் சொன்ன ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் மண்டபத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்து அதன் மேல் விழுந்தன. இதைச் சரிசெய்யும்படி பல்கலைக்கழகத் தலைவர் எலியட், பௌதிகத் துறையின் இளம் ஆசிரியரான வாலஸ் சேபைன் என்பவரைக் கேட்டுக்கொண்டார். சேபைனிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழாயும், நேரம் அளக்கும் கருவியும், தம் இரு காதுகளுமே. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்புவார். குழாயை ஊதி நிறுத்தி, ஒலி கேளாமல் தேய்ந்துபோகும் வரை நேரத்தைக் குறிப்பார். இன்னும் சில மெத்தைகளைக் கூட்டி மறுபடியும் அளப்பார். பொழுது விடிவதற்குள் எல்லா மெத்தைகளையும் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும்! தெருவின் இரைச்சல் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகுதான் இந்த வேலை நடந்தது. இவ்வாறு மூன்றாண்டுகள் உழைத்து 1898இல் அவர் ஒரு விதியைக் கண்டார். பாஸ்டன் நகரின் சிம்பனி மண்டபம் அவருடைய கணக்கின்படி வடிவமைக்கப்பட்டு 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்றளவும் உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

அவர் கண்ட விதி நமக்கும் எளிதில் விளங்கக்கூடியதே. ஓர் ஒலி நின்ற பிறகு, அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேயும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். அறையின் கனஅளவை 0.161 என்னும் எண்ணால் பெருக்கி, அந்த அறையிலுள்ள பொருள்கள் ஒலியை உட்கவரும் மொத்த அளவால் வகுத்தால் அந்த நேரம் விநாடியில் கிடைத்துவிடும். உட்கவர்தலுக்கு சேபைன் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல்! ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகையால் அதன் மதிப்பு 1. பூசிய சுவரின் ஒரு சதுர மீட்டருக்கு மதிப்பு ஏறத்தாழ 0.03 தான். அதாவது நூறு பங்கு ஒலி போய் மோதினால் தொண்ணூற்றேழு பங்கைச் சுவர் திருப்பி எறிந்துவிடுகிறது.

எங்கள் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். கனஅளவு 28 கன மீட்டருக்குச் சற்று அதிகம். ஆறு பக்கங்களின் பரப்பு ஏறத்தாழ 56 சதுர மீட்டர். 56ஐ 0.03ஆல் பெருக்கினால் 1.7 சதுர மீட்டர்கூட முழுமையாக இல்லை. சேபைனின் விதிப்படி எதிர்முழக்க நேரம் 2.7 விநாடி வருகிறது. ஒரு சிறிய படுக்கையறைக்கு இது மிகமிக அதிகம். பேச்சும் பாட்டும் தெளிவாகப் பதிவாக அரை விநாடிக்குக் குறைவாக இருப்பது நல்லது. நம் பள்ளிச் சிற்றாலயத்தில் பாடினால் குரல் நெடுநேரம் மிதக்கிறதே, அது மட்டும் இனிமையாக இல்லையா என்று சிலர் கேட்கலாம். இனிமைதான். ஆனால் அங்கே சுவர்கள் தொலைவில் இருப்பதால் முழக்கம் மெல்ல வந்து குரலின் பின்னே ஒரு நிழல்போல் நிற்கிறது. சிறிய அறையிலோ அது உடனே திரும்பி வந்து குரலின் முகத்திலேயே மோதுகிறது.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மண்டபத்தில் ஜன்னலைக் கடகடக்க வைத்தது எதிர்முழக்கமன்று. அது வேறொரு பூதம். பதினோராம் வகுப்பில் நிலை அலைகளைப் படித்த தோழியர்க்குக் கணு, எதிர்க்கணு என்பவை நினைவிருக்கும். ஒத்ததிர்வுக் குழாய் நீளத்துக்கு ஏற்ற ஒரு சுரத்தை மட்டும் வாரி எடுத்து முழங்குவதுபோல, எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலுள்ள காற்றும் சில சுரங்களை மட்டும் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. பத்தடி, அதாவது 3.05 மீட்டர் தூரம் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 350ஐ 6.1ஆல் வகுத்தால் 57. ஆக, விநாடிக்கு 57 அதிர்வு கொண்ட சுரம் எங்கள் அறையில் தானாகவே பொங்கி எழும். அதன் மடங்குகளான 114, 171 ஆகியவையும் அவ்வாறே. நீளமும் அகலமும் உயரமும் வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுரங்களைப் பிடிக்கும். தொல்லை பரவலாகிக் குறையும். எங்கள் அறையோ மூன்று பக்கமும் பத்தடி. மூன்றும் ஒரே சுரத்தின் மேல் பாய்கின்றன! பத்துக்குப் பத்து அறை கட்டுவது நம்மவர்க்கு ஒரு கணக்காகவே ஆகிவிட்டது. இசைக்கு இதைவிடப் பொல்லாத அளவு கிடையாது.

சரி, அறையில் பொங்குகிற அந்தச் சுரம் எங்களுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? நாங்கள் உட்கார்ந்த இடத்தால் வந்த வினை அது. அந்த 57 அதிர்வுச் சுரத்தின் அழுத்தம் சுவரோரங்களிலும் மூலைகளிலும் உச்சம்; அறையின் நட்டநடுவே சூனியம். நாங்கள் மிகச் சரியாக அந்தச் சூனியத்தில் நாற்காலியைப் போட்டிருந்தோம். கேளாத சுரத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தோம். மண்டபத்தில் அந்தச் சூனியம் இல்லை. நாங்கள் கூட்டியது அத்தனையும் அங்கே வெளிப்பட்டது. கீபோர்டில் தாழ்ந்த இந்தச் சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே அறையின் நடுவிலிருந்து மூலைக்கு நடந்து பாருங்கள். நடுவில் காணாமற்போன ஓசை மூலையில் காதை அடைக்கும். இந்தப் பரிசோதனையை நாங்கள் செய்தபோது, சுரத்தைப் பிடித்திருந்தவள் ஏமாற்றி அளவைக் கூட்டுகிறாள் என்றே மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள்.

இனி மருந்துக்கு வருவோம். முதலில், நாங்கள் செய்யவிருந்த தவறு. ஓர் அங்குலத் தடிப்புள்ள ஸ்பான்ஜ் பலகைகளை, கூம்பு கூம்பாக வெட்டியவற்றை, சுவர் முழுவதும் ஒட்டினால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். படங்களில் பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் பஞ்சும் ஸ்பான்ஜும் ஒலியை எப்படித் தின்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலி செல்லும்போது காற்றின் துகள்கள் முன்னும் பின்னும் ஆடுகின்றன. அந்த ஆட்டம் பஞ்சின் இழைகளில் உராய்ந்து வெப்பமாக மாறிவிடுகிறது. சுவரை ஒட்டினாற்போல் காற்றால் ஆட முடியாது, சுவர் தடுத்துவிடுகிறது. ஆட்டம் உச்சம் அடைவது சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில்தான். 57 அதிர்வுச் சுரத்தின் அலைநீளம் 6.1 மீட்டர்; அதில் கால் பங்கு ஏறத்தாழ ஐந்தடி! ஓர் அங்குலமோ, விநாடிக்கு 3500 அதிர்வுள்ள கீச்சொலிக்குத்தான் கால் அலைநீளம். ஆகவே மெல்லிய ஸ்பான்ஜ் மேல்சுரங்களின் பளபளப்பையெல்லாம் தின்றுவிட்டு, முழங்குகிற கீழ்ச்சுரங்களைத் தொடாமல் விட்டுவிடும். அறை மந்தமாகிவிடும், முழக்கமும் போகாது. பணம் கொடுத்து அறையைக் கெடுத்துக்கொள்வதற்கு இதைவிட நேரான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

முட்டை அட்டைகளை ஒட்டுவதும் அவ்வாறே. கடையில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு சிறப்பில்லை. அது மெல்லிய காகிதக் கூழ். மேல்சுரங்களைச் சிறிது சிதறடிக்கும், அவ்வளவே. இவ்விரண்டிலும் ஒலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 'ஸ்டேஷன்' என்ற இசை விடுதியில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, ஒலியைக் குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பான்ஜில் பற்றியது. சில நிமிடங்களில் கட்டடம் முழுதும் நெருப்பும் நச்சுப் புகையுமாயிற்று. 100 பேர் உயிரிழந்தனர். படுக்கையறையில் வாணம் கொளுத்துவார் இல்லைதான். ஆனால் மின்சார ஒயர்கள் உண்டு, கொசுவத்தி உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சுவரில் எதை ஒட்டினாலும் அது தீப்பற்றாத வகையா என்று கேட்டறிந்த பின்னரே ஒட்ட வேண்டும்.

நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறோம். எல்லாச் சுரங்களின் அழுத்தமும் ஒருசேரக் குவியும் இடம் மூலைதான் என்பதால் மூலைகளில் தொடங்கினோம். எங்கள் வீடுகளிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் மூன்றைக் கொண்டுவந்து, சுருட்டிக் கயிற்றால் கட்டி, மூன்று மூலைகளில் தூண்போல் நிறுத்தினோம். நான்காவது மூலையில் கதவு இருந்தது. இரண்டடித் தடிப்புள்ள பஞ்சு, ஓர் அங்குல ஸ்பான்ஜ் செய்யாததைச் செய்யும். வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்துத் தட்டிய பிறகே உள்ளே கொண்டுவந்தோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து அந்த வீட்டு அம்மா போட்ட நிபந்தனை அது. "படுக்கிற அறையா, மெத்தைக் கடையாடி இது?" என்று அவர் கேட்டதையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்து நான்கு பலகைகள் செய்தோம். ராக் உல் என்னும் பாறைப் பஞ்சு, இரண்டங்குலத் தடிப்பில் நான்கடிக்கு இரண்டடி அட்டைகளாகக் கிடைக்கிறது. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நான்கங்குலமாக்கி, தச்சர் அடித்துக் கொடுத்த மரச்சட்டத்துக்குள் பொருத்தி, காடாத் துணியால் இழுத்துச் சுற்றினோம். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு எளிதாக உள்ளே போனால் ஒலியும் போகும். ரெக்சின் போன்ற மூச்சுவிடாத துணி உதவாது. பாறைப் பஞ்சு எளிதில் தீப்பற்றாது என்பது பெரிய ஆறுதல். ஆனால் அதன் தூசு தோலை அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். எங்களில் ஒருத்தி கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்து, இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பலகைகளை எங்கே மாட்டுவது? இங்கேதான் கண்ணாடி விளையாட்டு. கேட்பவர் உட்காரும் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்துகொள்ள, மற்றொருத்தி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் காது உயரத்தில் ஒட்டி வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் 'நில்' என்பாள். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று ஒளிக்குப் படித்தோமே, ஒலிக்கும் அதுவே சட்டம். அந்த இடத்திலிருந்துதான் ஒலி முதலில் எதிரொலித்து, நேரே வரும் ஒலியோடு கலந்து குழப்புகிறது. இரு பக்கச் சுவர்களிலும் அந்த இடங்களில் இரண்டு பலகைகள், மற்ற இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பின்னால். எல்லாவற்றையும் சுவரை விட்டு நான்கங்குலம் தள்ளியே நிறுத்தினோம். முன் சொன்ன கால் அலைநீளக் கணக்கின்படி, பின்னால் விட்ட காற்று இடைவெளி செலவில்லாமல் பலகையின் தடிப்பைக் கூட்டினாற்போல் வேலை செய்கிறது.

டீச்சர் பாடும் இடத்துக்கு வேறொரு ஏற்பாடு. மைக்குக்குப் பின்னால் திரை கட்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தோம். சிஸ்டர் திருத்தினார். எங்கள் மைக் தனக்கு எதிரே உள்ளதை மட்டும் கூர்ந்து கேட்கும் வகை. அது பாடுபவரையும், பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரையும் ஒருசேரப் பார்க்கிறது. ஆகவே திரை வேண்டியது பாடுபவரின் பின்னால். கொடி கட்டி, கனத்த ரஜாய் ஒன்றையும் ஜமுக்காளம் ஒன்றையும் மடித்துத் தொங்கவிட்டோம். டீச்சர் மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று பாடினார். மிக நெருங்கினால் இவ்வகை மைக்கில் குரலின் கீழ்ப்பகுதி வீங்கிவிடும். மிக விலகினால் அறையே அதிகம் கேட்கும்.

நாற்காலியையும் நடுவிலிருந்து நகர்த்தினோம். முன்சுவரிலிருந்து பத்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், அதாவது நாலடிக்குச் சற்று உள்ளாக, உட்கார்ந்து கேட்கத் தொடங்குவது நல்லது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே தொடங்கி, அரையடி முன்னும் பின்னும் நகர்ந்து, கீழ்ச்சுரங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடத்தில் நிலைகொண்டோம். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம், நாங்கள் மாட்டிய பலகைகள் அத்தனைக்கும் ஈடானது என்பது எங்கள் கருத்து.

வெளிநாட்டாரின் குறிப்புகளைப் படிப்பவர்க்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் மெல்லிய ஜிப்சம் பலகை அடித்தவை. கீழ்ச்சுரங்கள் அந்தப் பலகையை அசைத்து வெளியே கசிந்து போய்விடும். நம் வீடுகளோ ஒன்பதங்குலச் செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. உள்ளே பிறந்த முழக்கத்துக்கு வெளியேற வழியே கிடையாது. ஆகவே அவர்கள் சொல்லும் அளவைவிட அதிகமான பஞ்சு நமக்குத் தேவைப்படும். கலக்கும் வேலை செய்யும்போது ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துப் பார்த்தோம். சேபைனின் அலகு வேலை செய்தது! கீழ்ச்சுரங்களின் வீக்கம் சற்றே வடிந்தது. அடுத்த வீட்டாருக்குத்தான் எட்டுப் பாடல்களும் மனப்பாடம் ஆகிவிட்டன.

இதனோடு தொடர்புடைய மற்றொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். இவ்வளவு பஞ்சும் வெளியோசையைத் தடுக்காது. பஞ்சு செய்வது அறைக்குள் பிறந்த ஒலியை அடக்குவது. வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்கக் கனமான சுவரும், காற்றுப் புகாத கதவும் ஜன்னலும் வேண்டும். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நின்று டீச்சர் பாடிய முதல் பாடலில், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது அப்படியே பதிவாகியிருந்தது. சேபைன் நள்ளிரவில் விழித்திருந்ததன் நியாயம் அப்போதுதான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது. நள்ளிரவில் எங்களை யாரும் வெளியே விடமாட்டார்கள். ஆகவே ஞாயிறு பிற்பகல், ஊர் உண்டு உறங்கும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் பதிவு செய்தோம். ஜன்னல் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒரு பாட்டுக்கு ஒரு முறை வெளியே வந்து வியர்வை துடைத்துக்கொண்டோம். இரும்பு பீரோவை மட்டும் நகர்த்த முடியவில்லை. குறிப்பிட்ட ஒரு சுரத்தில் அதன் கதவு 'ஙொய்' என்று உடன் பாடியது. கதவிடுக்கில் மடித்த துணியைச் செருகியதும் அடங்கியது.

பஞ்சு கூடக்கூட நல்லது என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. லண்டனில் பி.பி.சி. வானொலி நிலையம் 1923இல் சவாய் ஹில் என்ற இடத்துக்குச் சென்றபோது, நிலையக் கூடங்களின் சுவர்களெங்கும் கனத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். எதிரொலி செத்துப் போயிற்று. இசையும் உயிரற்றுப் போயிற்று. தம் குரல் தமக்கே திரும்பிக் கேளாமல் பாடுவது பாடகர்களுக்கு மிகுந்த சிரமமாக இருந்தது. எங்கள் அறையில் கூரையையும் தரையின் பெரும் பகுதியையும் பின்சுவரில் பாதியையும் வெறுமையாகவே விட்டோம்.

எல்லாம் முடிந்தபின் கட்டிலையும் மெத்தையையும் உள்ளே போட்டுக் கணக்குப் பார்த்தோம். பலகை, மெத்தைத் தூண்கள், ரஜாய், கட்டில் மெத்தை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 0.8 என்று கொண்டால் 8, சுவர்களின் 1.7ஐக் கூட்டினால் 9.7. எதிர்முழக்க நேரம் 2.7 விநாடியிலிருந்து அரை விநாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பெரிய மண்டபங்களுக்காக எழுந்த இந்த விதி சிறிய அறையின் கீழ்ச்சுரங்களுக்குச் சரியாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 57 அதிர்வுச் சுரம் முற்றிலும் அடங்கவில்லை; அதன் கொட்டம் குறைந்தது, அவ்வளவே. ஆகையால் கீழ்ச்சுரங்களின் அளவை மட்டும் கடைசியில் ஹெட்போனில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டோம். காதோடு ஒட்டிய ஹெட்போனுக்கு அறை என்பதே கிடையாது. மறுபடியும் கைதட்டிப் பார்த்தோம், 'டர்ர்' போய்விட்டது.

எட்டுப் பாடல்களையும் முதலிலிருந்து பதிவு செய்து, அதே மண்டபத்தில், அதே ஸ்பீக்கர்களில் போட்டோம். ஜன்னல்கள் வாய் திறக்கவில்லை. டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். மூச்சு வாங்குவதும், தாளம் போடும் விரல் தொடையில் படுவதும்கூடக் கேட்டன. ஐந்தாம் பாடல் ஓடும்போது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சரணத்தின் இரண்டாம் அடியில் ஒரு சங்கதியைத் தாம் தவறாகப் பாடிவிட்டதாகவும், பழைய பதிவில் முழக்கத்துக்குள் அது தெரியாமல் போயிருக்கும் என்றும் சொன்னார். "அந்தத் தப்போடு சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாடித் தருகிறேன்" என்றார்.

அந்த ஞாயிறன்று ஒரே முறையில் பாடி முடித்தார். எட்டுப் பாடல்களும் இப்போது பள்ளி நூலகக் கணிப்பொறியில் இருக்கின்றன. ஆறாம் வகுப்புத் தங்கைமார் இரண்டைக் கற்று முடித்துவிட்டார்கள். மெத்தைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. பலகைகள் நான்கையும் நம் பள்ளி இசையறைக்குக் கொடுத்துவிட்டோம். வீணை வைக்கும் அலமாரிக்கு எதிர்ச்சுவரில் அவை மாட்டப்பட்டிருக்கின்றன.